விழுந்தவன் எழுந்தால்தான் ஆட்டம்

பசுந்தாங் சந்தைத் தெருவில் ஒருநாள் காலை, மீன் கூடைகளை ஏற்றி வந்த சைக்கா ஒன்று எங்கள் மேல்மாடி ராஜாவை இடித்துத் தள்ளியது. சைக்கா என்றால் பக்கவாட்டில் இருக்கை வைத்த மூன்று சக்கர மிதிவண்டி. நான் சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். அவன் விழுந்ததைப் பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. விழுந்து முடிப்பதற்குள் எழுந்துவிட்டான். முழங்கையில் தோல் வழன்று ரத்தம் விரல் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அவனோ சைக்காக்காரனின் தோளைத் தட்டிக்கொடுத்து, "யபாடே, யபாடே" என்று சொல்லிவிட்டு, குனிந்து, சேற்றில் சிதறிய மீன்களைப் பொறுக்கிக் கூடையில் போட ஆரம்பித்தான்.

யபாடே என்றால் பர்மியத்தில் பரவாயில்லை. காலை மிதித்தவனிடம் சொல்லலாம். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்பவளிடம் சொல்லலாம். ரங்கூனில் பொழுது விடிந்தால் பொழுது போனால் காதில் விழும் சொல்தான்.

நான் போய் சைக்காக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ராஜா என் கையைப் பிடித்து இழுத்தான்.

"விடுங்கக்கா. அவரு பாவம்."

"ரத்தம் ஊத்துதுடா!"

"யபாடேக்கா."

அன்றைக்கு நடுத்தெருவில் அவனை ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன். அவன் செத்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இப்போதும் யாராவது என் எதிரில் அந்தச் சொல்லைச் சொன்னால் நான் எழுந்து போய்விடுகிறேன்.

எங்கள் கட்டடத்தில் நாங்கள் மூன்றாம் மாடி. நான்காம் மாடியில் அவனுடைய அம்மா இருந்தார். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். புருஷன் முனிசிபாலிட்டியில் வேலை பார்த்துக் காலமானவர். ஒரே மகனைச் சின்ன வயதிலேயே தன் அண்ணனோடு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியிருந்தார். அங்கே அவன் பள்ளிக்கூடத்தில் வேகமாக ஓடுகிறான் என்று பிடித்து ரக்பி லீக் ஆட்டத்தில் போட்டார்கள். அதிலேயே தொழில்முறை ஆட்டக்காரன் ஆகிவிட்டான். எங்கள் கட்டடத்தில் யாருக்கும் அந்த ஆட்டம் என்னவென்றே தெரியாது. ஆனால் அத்தையின் மகன் வெளிநாட்டில் டிவியில் வருகிறவன் என்பது தெருக்கோடி டீக்கடை வரைக்கும் தெரியும்.

ஆட்டம் முடிந்து, கட்டியவளும் பிரிந்து போய், வேறு வேலை எதிலும் நிலைக்க முடியாமல் அவன் ஒரு நாள் திரும்பி வந்தான். ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் எப்படியாவது வெளியே போய்விட வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்த காலத்தில், இவன் உள்ளே வந்தான். கழுத்து என் தொடைப் பருமன். மூக்கு இரண்டு இடத்தில் திசை மாறியிருந்தது. வலது தோளை ஓர் அளவுக்கு மேல் தூக்க முடியாது. சட்டை போடும்போது இடது கை வந்து வலது கையை ஏந்திக்கொண்டு போய் மாட்டிவிடும்.

அவன் தமிழ்தான் எனக்குத் தாங்காது. இங்கிருந்து போன வயதிலேயே நின்றுபோன தமிழ். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, "அம்மா, எனக்குப் பெரிய தோசை" என்பான். பெரியவர்களின் துன்பங்களுக்கு அவனிடம் தமிழ்ச் சொல்லே கிடையாது.

அத்தை தன் கைப்பேசியில் அவன் ஆடிய ஆட்டங்களின் துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். சாயங்காலம் டீக்கடைக்கு வருகிறவர்கள் சிலர் மாடியேறி வந்துவிடுவார்கள். "பறக்கிறான் பாரு, என் பிள்ளை பறக்கிறான் பாரு" என்பார் அத்தை. உண்மையிலேயே பறப்பான். ஓரக்கோட்டை ஒட்டி ஓடி வந்து, எதிராளி இடுப்பில் மோதும் அதே நொடியில் உடம்பு முழுவதும் கோட்டுக்கு வெளியே கிடையாக மிதக்க, கை மட்டும் உள்ளே வந்து மூலையில் பந்தை ஊன்றிப் புள்ளி எடுக்கும். "இன்னொரு தடவை போடுங்க" என்பார்கள். அவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். முட்டை வடிவப் பந்து. பந்தை முன்னால் எறியக் கூடாது. கையில் அணைத்துக்கொண்டு எதிராளிகளுக்குள் ஓட வேண்டும். அவர்கள் அடித்து வீழ்த்துவார்கள். விழுந்தவன் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னே உருட்டிவிட வேண்டும். அப்புறம்தான் அடுத்தவன் அதை எடுத்து ஆட முடியும். எதிரணி மூச்சு வாங்கி வரிசை கட்டுவதற்குள் எழுந்துவிட்டால் தன் அணிக்கு லாபம்.

"விழுந்தவன் எந்திரிச்சாதான்கா ஆட்டம்" என்றான். "எங்க டீம்ல நான்தான் ரொம்ப வேகமா எந்திரிப்பேன்."

அவன் விங்கர், அதாவது ஓரத்தில் நிற்பவன். பறப்பது மட்டும்தான் விங்கரின் வேலை என்று அத்தை நினைத்திருந்தார். கைப்பேசியில் வராத வேலை ஒன்று உண்டு. எதிரணிக்காரன் பந்தை வானத்துக்கு உதைப்பான். அண்ணாந்து பார்த்துக்கொண்டே விங்கர் அதைப் பிடிக்க வேண்டும். அது கீழே வருவதற்குள் தடித்தடியாக மூன்று பேர் ஓடி வந்துகொண்டிருப்பார்கள். பந்தைப் பிடித்த மறுகணம் இவனாகவே அவர்களுக்குள் ஓடிப் புக வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் அப்படித்தான்.

அவன் வந்த சில மாதங்களில் நான்காம் மாடியிலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. தட்டு உடையும் சத்தம். ஒருநாள் கதவில் ஏதோ மோதி, எங்கள் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். தரை முழுக்கச் சோறு. கீழே தெருவில் கடைக்காரர்களின் ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டிருந்தன. அவன் மூலையில் குத்துக்காலிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தான். அத்தை உதட்டைத் துடைத்துக்கொண்டே வந்தார். முந்தானையில் ரத்தம்.

"ஒண்ணுமில்லடி. வெயிலு. குளிர் ஊருல வளந்தவன்ல."

"அடிச்சானா அத்தை?"

"தட்டு தெறிச்சுது. நீ போ."

மறுநாள் அவன் அம்மாவின் உதட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்டான்: "அம்மாவ யாருக்கா அடிச்சாங்க?"

நான் சொன்னேன். மறைக்கவில்லை. அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மாடிப்படி எங்கள் கட்டடத்தில் ஓர் ஆள் அகலம்தான். அவன் உட்கார்ந்தால் யாரும் கடக்க முடியாது. நானும் ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

"மீ போயிரும்கா," என்றான். மீ என்பது கரண்டு. எங்கள் ஊரில் அது போவதும் வருவதும்தான் தினசரிப் பேச்சு. "தலைக்குள்ள மீ போயிரும். அப்புறம் வரும். நடுவுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"எப்போயிருந்து?"

அன்றைக்குத்தான் ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னான். மழை பெய்துகொண்டிருந்ததாம். பந்து மேலே போனது நினைவிருக்கிறது. கீழே வந்தது நினைவில்லை. கண் விழித்தபோது நின்றுகொண்டிருந்தான். எழுந்ததுகூடத் தெரியாது. தண்ணீர் பாட்டிலும் மருந்துப் பையுமாக மைதானத்துக்குள் ஓடி வரும் பயிற்சியாளர் ஒருவர் எதிரில் நின்று முகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாராம், இது எந்த மைதானம் என்று. தலையில் அடிபட்டவனிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. சரியான பதில் சொல்லாவிட்டால் வெளியே அனுப்ப வேண்டும்.

"நீ என்ன சொன்னே?"

"யபாடேன்னு சொன்னேன்."

"அவங்களுக்குப் பர்மாப் பேச்சு தெரியுமா?"

"தெரியாது. ஆனா நான் எப்பவும் அதச் சொல்லுவேன்ல, எல்லாருக்கும் அது பழக்கம். விழுந்தா எங்க டீம் ஆளுங்களே கத்துவாங்க, யபாடேன்னு. அதனால அவரு சிரிச்சாரு. பக்கத்துல நின்னவங்களும் சிரிச்சாங்க. முதுகுல தட்டி உள்ள அனுப்பிட்டாங்க."

அவனும் சிரித்தான். எந்த மைதானம் என்று கேட்டதற்கு யபாடே என்று ஒருவன் பதில் சொல்கிறான். அவன் மூளை எங்கே போய் நிற்கிறது என்று அந்தப் படித்த முட்டாளுக்குத் தெரியவில்லையா? தெரிந்தது. ஓரத்தில் நிற்க ஆள் வேண்டியிருந்தது. அன்றைக்கு அவன் இன்னொரு முறை பறந்து போய் மூலையில் பந்தை ஊன்றினானாம். அதை மறுநாள் டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அதற்கப்புறமும் பல வருஷம் ஆடினான். பல தடவை மீ போனது. ஒவ்வொரு தடவையும் எழுந்தான். கடைசியில் வேகம் குறைந்தது. அவன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று கைப்பேசியில் ஒரு வரிச் செய்தி வந்தது.

அந்தச் சொல்லை அவன் எங்கே பிடித்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவனை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும் என்று நான் அத்தையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அது வெளியே வந்தது. அத்தை அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

"அவன் அப்படிப்பட்ட பிள்ளை இல்லடி. ஏர்போட்டுல வச்சு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லி அனுப்புனேன். அடுத்தவங்க வீட்டுல இருக்கப் போற, பசிக்குது, வலிக்குதுன்னு மூக்கச் சிந்தக் கூடாது. மாமி என்ன கேட்டாலும் யபாடேன்னு சொல்லிப் பழகு. இல்லன்னா திருப்பி அனுப்பிருவாங்கன்னேன். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்ட ஒரு குறை சொல்லிருப்பானா?"

நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். அங்கேயே நின்றிருந்தால் கட்டடமே கேட்கும்படி கத்தியிருப்பேன்.

டாக்டரிடம் நானேதான் கூட்டிப் போனேன். தின்கன்ஜூனில் ஒரு கிளினிக். நடுத்தர வயது டாக்டர், பர்மாக்காரர். "என்ன தொந்தரவு?" என்று கேட்டார். இவன் வாயைத் திறந்தான். என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியும்.

"நீ பேசாத!" என்று கத்தினேன். வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் நான் சொன்னேன். டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அவனிடம், இதுவரை எத்தனை முறை நினைவு தப்பியிருக்கும் என்று கேட்டார்.

"முழுசாவா, பாதியா?" என்றான் அவன். உண்மையாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வலிப்பு வராமல் இருக்க மாத்திரை தந்தார். இது ஆறுகிற காயம் இல்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அத்தையிடம் வந்து அதைச் சொன்னபோது, "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க" என்றார்.

அவன் ஆடிய கிளப்பிலிருந்து கைப்பேசியில் ஒரு வீடியோ அழைப்பு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏதோ ஆண்டு விழாவாம். பழைய ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வாழ்த்துச் சொல்லி, அதை மைதானத்துப் பெரிய திரையில் போடப் போகிறார்களாம். அத்தை அவனைக் குளிக்க வைத்து, தலை சீவிவிட்டு, பழைய ஆட்டச் சட்டையை மாட்டிவிட்டிருந்தார். நான் கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் நாள் முழுக்க இங்கிலீஷில் போன் பேசுகிறவள் என்பதால், அவர்கள் சொல்வதைத் தனக்குச் சொல்ல வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

திரையில் சிவந்த முகமும் நரைத்த முடியுமாக ஓர் ஆள். பார்த்த உடனே அவன் முதுகு நிமிர்ந்தது. மருந்துப் பையோடு ஓடி வந்த அதே பயிற்சியாளர் என்று எனக்கு அதிலிருந்தே தெரிந்துவிட்டது. பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம்.

"ராஜா! எப்படி இருக்கே? பாக்க ஜம்முனு இருக்கியே! வேற ஒண்ணும் வேணாம், உன்னோட அந்த வார்த்தைய மட்டும் சொல்லு. கூட்டம் அதுக்குத்தான் காத்திருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு..."

அவன் சொல்லவில்லை. அத்தை அவன் முழங்காலைத் தட்டினார். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாக, தேடித் தேடிப் பேசினான். இங்கிலீஷில் அவன் குரல் வேறாக இருந்தது. அதில் அவன் வயது தெரிந்தது.

"மழை பேஞ்ச அன்னைக்கு, எந்த மைதானம்னு என்னைக் கேட்டே."

"எப்போ?"

"நான் மைதானத்தோட பேரச் சொல்லல. அப்புறம் ஏன் என்னை உள்ள அனுப்புனே?"

சிரித்துக்கொண்டிருந்த குரல் நின்றது. அந்த ஆள் கன்னத்தைச் சொறிந்தான்.

"நீதானப்பா ஒண்ணுமில்ல, ஆடுறேன்னு நின்னே. உன்னை யாரு பிடிச்சு நிறுத்த முடியும்?"

"நான் அப்படித்தான் சொல்லுவேன்," என்றான் அவன். "எனக்கு அது ஒண்ணுதான் சொல்லத் தெரியும். அது உனக்கும் தெரியும்."

அந்த ஆள் வேறு பக்கம் திரும்பி யாரிடமோ என்னவோ சொன்னான். நேரம் ஆகிவிட்டது, இன்னொரு நாள் நிதானமாகப் பேசலாம் என்றான். திரை அணைந்தது. எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவன் ஒருத்தரிடம் குறை சொன்னதை நான் பார்த்தது அந்த ஒரே முறைதான்.

"என்னடி சொன்னான்? ஏன் வச்சுட்டாங்க?" என்றார் அத்தை.

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அத்தையின் முகம் கறுத்தது.

"பெரிய மனுசங்க தேடிக் கூப்பிட்டிருக்காங்க. இப்படியாடா பேசுறது?" என்று அவனைப் பார்த்துக் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார். "நீதான்டி அவன் மனசக் கெடுக்கிறே. டாக்டரு, டாக்டருன்னு இழுத்துட்டுப் போயி, நல்லா இருந்த பிள்ளைய நோயாளி ஆக்கிட்டே."

"நல்லா இருந்தானா? உங்க உதடு எப்படிக் கிழிஞ்சுச்சு அத்தை?"

அன்றோடு அத்தை என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு கடப்பார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் மட்டும் ஒவ்வொரு நாளும் கதவைத் தட்டி வந்து நிற்பான். "எங்கம்மாகூட காய் விடாதீங்கக்கா. பழம் விட்டுருங்க." அந்தக் கழுத்தையும் அந்த மூக்கையும் வைத்துக்கொண்டு.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில், குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தான். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் தலை மோதியிருந்தது. அத்தையின் அலறல் கேட்டு நான் மேலே ஓடினேன். டீக்கடை ஆட்கள் அவனை ஒரு நாற்காலியில் வைத்துக் கட்டி, ஆள் மாற்றி ஆள் நான்கு மாடியும் இறக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "யாருக்கும் ஒரு தொந்தரவு குடுக்காத மனுசன்." கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுத்திருக்க வேண்டும். மாமன் வீட்டில் பசிக்கிறது என்று கத்தியிருக்க வேண்டும். மழையில் அந்த மைதானத்தின் நடுவே காலை நீட்டிக்கொண்டு படுத்து, எழ மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேருக்கும் ஆட்டம் கெட்டுப் போயிருக்க வேண்டும்.

எரியூட்டிப் பத்து நாள் கழித்து, டீக்கடையில் வேலை பார்க்கும் ஒருவர் கைப்பேசியோடு மேலே வந்தார். கிளப்புக்காரர்கள் அவனுக்கு அஞ்சலி போட்டிருக்கிறார்களாம். ஃபேஸ்புக் இங்கே தடை, வி.பி.என் போட்டுத்தான் திறக்க முடியும். அத்தைக்கு எழுத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். அத்தையே கீழே வந்து என் கதவருகே நின்றார். கூப்பிடவில்லை. நின்றார். நான் கூடப் போனேன்.

முதலில் கறுப்புத் திரையில் எழுத்து வந்தது.

"என்ன போட்டிருக்கு?" என்றார், பல மாதங்களுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தையாக.

"எத்தனை தடவை விழுந்தாலும் எழுந்தவன்னு போட்டிருக்கு அத்தை."

அவர் தலையாட்டினார். பறக்கும் காட்சிகளைத்தான் எதிர்பார்த்திருப்பார். ஆனால் அவர்கள் போட்டிருந்தது அந்த மழை நாளை. அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். பந்து கைக்கு வருகிறது. ஒருவனின் தோள் அவன் தாடையில் மோதுகிறது. உடம்பு ஒரு மூட்டைபோலத் தரையில் விழுகிறது. ஒரு கை மட்டும் விறைத்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கிறது. அத்தை இதுவரை பார்க்காத காட்சி. யாரும் அவருக்குக் காட்டாத காட்சி.

கொஞ்ச நேரம் அசைவே இல்லை. பிறகு அந்தக் கை தரையைத் தடவியது. முழங்கால் மடங்கியது. அத்தை கைப்பேசியைப் பிடுங்கித் தன் முகத்துக்கு அருகே கொண்டுபோனார்.

"படுத்துக்கடா," என்றார்.

அவன் ஒரு காலை ஊன்றினான். அது மடிந்தது. மறுபடி விழுந்தான்.

"எந்திரிக்காதடா. தம்பி, அம்மா சொல்றேன். படுத்துக்கடா. படுத்துக்க."

அவன் எழுந்து நின்றான். மைதானம் முழுவதும் கை தட்டியது.